புயல் கணக்கர்

விடிந்தும் விடியாத நேரத்தில் ஜாதவ்பூர் ஸ்டேஷனில் நின்றால், கேனிங் லோக்கல் ஆட்களைக் கொட்டிவிட்டுப் போவதைப் பார்க்கலாம். கொட்டிவிட்டு என்பதுதான் சரியான சொல். வண்டி முழுசாக நிற்பதற்குள் பெண்கள் குதிக்கிறார்கள். இழுத்துச் செருகிய முந்தானை, கையில் ஒரு நெகிழிப்பை, வாயில் பாதி மென்ற வெற்றிலை. அடுத்த அரைமணி நேரத்தில் தென் கொல்கத்தாவின் ஆயிரக்கணக்கான சமையலறைகளில் குழாய் திறக்கும், பாத்திரம் உருளும். டாகுரியா, கோல்பார்க், லேக் மார்க்கெட். கடைசியாகச் சொன்ன இடத்தில் நம்மவர்கள் மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். அங்கே ஒரு மாமி சொன்னார்: "கேனிங் வண்டி லேட்டுன்னா எங்காத்துல காபி லேட்டு. ரேடியோவைக் கேக்கவே வேண்டாம், தண்டவாளத்துல தண்ணி நிக்கறதுன்னு தெரிஞ்சுடும்."

சியால்டாவிலிருந்து கேனிங் வரை சுமார் 45 கிலோமீட்டர். வீட்டு வேலைக்கு வருபவர்களுக்காக யாரும் அந்தப் பாதையைப் போடவில்லை. 1862, 63-ல் அதைப் போட்டது ஒரு துறைமுகத்துக்காக. சிங்கப்பூரோடு போட்டி போடப்போகிறது என்று அந்தக் காலத்தில் பேசப்பட்ட துறைமுகம். ஹூக்ளி மண்ணடித்துத் தூர்ந்துகொண்டே போகிறது, கல்கத்தாவுக்குக் கப்பல் வராத நாள் வந்துவிடும் என்ற பயத்தில், கிழக்கே மாத்லா ஆற்றின் கரையில் புதிதாக ஒரு ஊரையே எழுப்பினார்கள். கவர்னர் ஜெனரல் கேனிங் பிரபுவின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

அந்த இடத்தில் துறைமுகம் கட்டாதீர்கள் என்று அதற்கு முன்பே ஒருவர் எழுதிவைத்திருந்தார். காரணமும் சொன்னார், எத்தனை அடி தண்ணீர் வரும் என்றும் சொன்னார். அவர் பெயர் ஹென்றி பிடிங்டன். இன்று உலகம் முழுக்க நாக்கில் புரளும் 'சைக்ளோன்' என்ற சொல்லை உண்டாக்கியவர் அவர்தான், அதுவும் கல்கத்தாவில் உட்கார்ந்து. பொது அறிவுப் புத்தகங்கள் அந்த ஒரு வரியோடு அவரை விட்டுவிடுகின்றன. எனக்கோ அந்தச் சொல் அவருடைய வேலையிலேயே சின்ன விஷயம் என்று தோன்றுகிறது.

கப்பல்காரரின் இரண்டாம் பிறவி

பிடிங்டன் 1797-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். வணிகக் கப்பலில் மாலுமியாகி, கப்பல் தலைவராகவும் இருந்துவிட்டு, பிறகு வங்காளத்தில் கரையேறினார். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ஆனால் அந்தக் காலத்துக் கல்கத்தாவில் கை வைக்காத துறை என்று அவருக்கு ஒன்று இருந்ததா தெரியவில்லை. இந்தியத் தாவரங்களுக்கு 1832-ல் ஒரு பெயரகராதி போட்டார். மண்ணைப் பரிசோதித்தார். பொருளாதார நிலவியல் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தார். 1850-ல் பாங்குரா பக்கம் சால்காவில் விண்கல் விழுந்தபோது அதை ஆராய்ந்தார். அதில் கிடைத்த பொருளுக்கு அவர் பெயரையே வைத்தார்கள், பிடிங்டனைட் என்று.

இத்தனைக்கும் நடுவே அவர் வகித்த இன்னொரு பதவிதான் நமக்கு முக்கியம். கல்கத்தாவின் கடல் விபத்து விசாரணை நீதிமன்றத்துக்கு அவர் தலைவர். கப்பல் உடைந்தால், கரை தட்டினால், பாய்மரம் முறிந்தால் மிஞ்சி வந்தவர்கள் அவர் முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும். எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தது, எத்தனை மணிக்குத் திரும்பியது, பாரமானி எவ்வளவு இறங்கியது, நீ என்ன செய்தாய்? ஒரு மனிதன் இப்படிப் பத்து வருடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் ஒன்று அலுத்துப்போவான், இல்லை புயல் பைத்தியம் பிடித்துவிடும். பிடிங்டனுக்கு இரண்டாவது நடந்தது.

பொறி வெளியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ரெட்ஃபீல்ட் என்பவர், 1821-ல் ஒரு புயலுக்குப் பிறகு நடந்து போனபோது, ஓரிடத்தில் மரங்கள் ஒரு பக்கமாகவும் பல மைல் தள்ளி எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்து கிடந்ததைக் கவனித்தார். காற்று நேராக ஓடவில்லை, சுற்றியிருக்கிறது. பிறகு வில்லியம் ரீட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பார்படோஸ் தீவின் சூறாவளி அழிவைப் பார்த்துவிட்டு, கப்பல் குறிப்பேடுகளைத் திரட்டி 1838-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதைப் படித்த பிடிங்டனுக்கு ஒரு கேள்வி: நம்முடைய வங்காள விரிகுடாவிலும் இதே விதிதானா?

அடுத்த ஆண்டே விடை தேட வாய்ப்பு வந்தது. 1839 ஜூன் தொடக்கத்தில் விரிகுடாவில் ஒரு புயல். அன்று கடலில் இருந்த கப்பல்களின் லாக் புத்தகங்களைக் கேட்டு வாங்கி, மணி வாரியாகக் காற்றின் திசையைப் படத்தில் குறித்து, அந்தப் புள்ளிகளிலிருந்து புயலின் மையத்தையும் அது நகர்ந்த வழியையும் வரைந்தார். பார்க் தெருவில் இருக்கும் ஆசியவியல் கழகத்தின் இதழில் அது அச்சானது. அதே நவம்பரில் கோதாவரி முகத்துவாரத்துக் கோரிங்காவைப் புயல் அழித்தது. அது இரண்டாவது கட்டுரை. இப்படியே பதினைந்து ஆண்டுகள், இருபதுக்கும் மேற்பட்ட புயல்கள். மதராஸ் கரையில் அடித்த புயல்களும் அந்தக் கணக்கில் உண்டு.

இதைக் கணக்கு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. செயற்கைக்கோள் இல்லை, தந்தி இல்லை. புயல் போன பிறகு, மாதக்கணக்கில் காத்திருந்து, ஒவ்வொரு கப்பலாகத் துறைக்கு வரும்போது அதன் ஏட்டை வாங்கிப் பிரித்து உட்கார்ந்து எழுதும் வேலை. பண்டகசாலைக் கணக்கப்பிள்ளை பற்று வரவு பார்ப்பதுபோல் ஒருவர் இறந்துபோன புயல்களின் கணக்கை முடித்துக்கொண்டிருந்தார். வராத கப்பல்களின் ஏடுகள் மட்டும் கணக்கில் ஏறவில்லை.

அவருக்குக் கிடைத்த ஏடுகளில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 1845 பிப்ரவரியில் மொரிஷியஸ் அருகே சார்லஸ் ஹெடில் என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் புயலில் மாட்டியது. தலைவர் காற்றுக்கு முதுகைக் காட்டி, அது தள்ளும் போக்கில் ஓட விட்டார். ஐந்து நாள் ஓடியது. ஏட்டில் ஆயிரத்து முந்நூறு மைலுக்கு மேல் கணக்கு ஏறியது. கடைசியில் பார்த்தால் நேர்கோட்டில் நகர்ந்த தூரம் நானூறு மைல்கூட இல்லை! செக்குமாடு மாதிரி புயலின் மையத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, அதுவும் ஐந்து முறை. காற்று சுற்றுகிறதா இல்லையா என்று அதற்குமேல் யாரும் வாதாட வேண்டியதில்லை.

சுருண்ட பாம்பு

1848-ல் லண்டனில் வெளியான அவருடைய மாலுமிகளுக்கான புயல் கையேட்டில்தான் 'சைக்ளோன்' வருகிறது. கிரேக்கத்தில் வட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்து, சுருண்டு கிடக்கும் பாம்பை நினைவூட்டுவதாகச் சொல்லி வைத்தார். நேராக ஓடும் பெருங்காற்றுக்கும் சுற்றும் காற்றுக்கும் ஆங்கில மாலுமிகள் ஒரே பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்னதால் வந்த குழப்பத்தைத் தீர்க்கவே இந்த ஏற்பாடு.

இங்கே ஒரு சின்னப் பெருமையடித்துக்கொள்ளலாம். சூறாவளி என்ற நம் சொல்லில் சுழற்சியும் இருக்கிறது, சூறையாடலும் இருக்கிறது. சூறை என்றால் சுழல்காற்று, வளி என்றால் காற்று. ஆனால் சங்க இலக்கியத்தில் 'புயல்' என்று வந்தால் பெரும்பாலும் மழைமேகம்தான். மேகத்துக்கு இருந்த பெயர் எப்படியோ காற்றுக்குப் போய்விட்டது. நாகப்பட்டினத்துக்காரரிடமோ கடலூர்க்காரரிடமோ சொன்னால், இரண்டும் சேர்ந்தேதானே வருகிறது என்பார்.

அந்தக் கையேட்டின் உண்மையான பொக்கிஷம் சொல்லில் இல்லை, அட்டைக்குள் செருகிக் கொடுத்திருந்த இரண்டு தகடுகளில் இருந்தது. மாட்டுக் கொம்பைச் சீவி, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும்படி மெல்லிசாக்கிய தகடு. அதன்மேல் வட்டங்கள், வட்டத்தின் ஓரமாகக் காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறிகள். ஒன்று பூமத்திய ரேகைக்கு வடக்கே, மற்றது தெற்கே. கப்பல் தலைவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கடல் வரைபடத்தில் தன் கப்பல் இருக்கும் புள்ளியின் மேல் தகட்டை வைக்க வேண்டும். இப்போது அடிக்கும் காற்றின் திசையும் தகட்டின் அம்பும் ஒத்துப்போகும்வரை தகட்டை நகர்த்த வேண்டும். ஒத்துப்போனதும் நடுவில் இருக்கும் புள்ளி, புயலின் மையம் எந்தப் பக்கம் என்று காட்டிவிடும். எதிர்ப்பக்கம் ஓடவேண்டியதுதான்.

நம் பக்கத்துக் கடலில் இந்தச் சூத்திரத்தை உடம்பாலேயே செய்யலாம். காற்று முகத்தில் அடிக்கும்படி நில்லுங்கள். புயலின் கண் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்வதால் வரும் விளைவு இது. பிடிங்டனின் கணக்கில் ஒரு குறையும் உண்டு. அவர் ஏறத்தாழ முழு வட்டமாக நினைத்தார். உண்மையில் காற்று உள்நோக்கி வளைந்து, குளியலறைத் தண்ணீர் ஓட்டையை நோக்கிச் சுற்றிப் போவதுபோல் மையத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. அதனால் மையம் சரியாக வலது கைக்கு நேராக இருக்காது, கொஞ்சம் பின்னால் தள்ளியிருக்கும். புயலுக்குள் மாட்டிய தலைவனுக்கு அந்தக் கொஞ்சம் சில சமயம் உயிர் விஷயம். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். படிப்பாளிகளுக்கு மட்டும் எழுதிவிட்டு நிற்காமல், சாதாரண மாலுமிக்குப் புரியும்படி உரையாடலாகவே இன்னொரு சிறு புத்தகமும் பிடிங்டன் போட்டார். அந்த அக்கறைக்காகவே அவருடைய வட்டத்தை மன்னித்துவிடலாம்.

காற்றிலிருந்து தண்ணீருக்கு

இவ்வளவு நேரம் நான் காற்றைப் பற்றியே பேசினேன். அவரும் அப்படித்தான் தொடங்கினார். கப்பல்காரருக்குக் காற்றுதான் எதிரி. ஆனால் ஏடுகளைப் புரட்டப் புரட்ட, கரையில் நடந்தது வேறு என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோரிங்காவில் ஆட்களைக் கொன்றது காற்று இல்லை. கடல் எழுந்து ஊருக்குள் வந்தது. புயலோடு சேர்ந்து ஒரு நீர்மேடு நகர்ந்து வருகிறது என்பதை அவர் திரும்பத் திரும்ப எழுத ஆரம்பித்தார்.

நீர்மேடு எப்படி எழுகிறது? புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவதால் கடல் மட்டம் கொஞ்சம் உப்பும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். கடும்புயலுக்கும் இது முக்கால் மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். பெரிய வேலையைச் செய்வது காற்றுதான். மணிக்கணக்கில் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே வரும்போது, ஆழ்கடலாக இருந்தால் தண்ணீர் அடியில் திரும்பி ஓடிவிடும். வங்காளத்தின் கரையோரக் கடலோ தாம்பாளம் மாதிரி ஆழமில்லாதது, நூறு கிலோமீட்டருக்கும் மேல் அப்படியே போகிறது. திரும்ப இடமில்லாமல் தண்ணீர் குவிகிறது. மேலே போகப்போக விரிகுடாவே புனலாகக் குறுகுகிறது. கரையிலோ கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் மேலே நிற்கும் வண்டல் நிலம். அந்த நேரத்தில் பௌர்ணமி, அமாவாசை ஏற்றமும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டாம். வங்காளிகள் அந்த ஏற்றத்தைக் கோட்டால் என்கிறார்கள். சுந்தரவனத்தில் புயல் செய்தி வந்ததும் அடுத்த கேள்வி, கோட்டால் என்றைக்கு என்பதுதான்.

1853-ல் பிடிங்டன் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி அச்சிட்டார். பொருள்: வங்காள விரிகுடாப் புயல்களின் அலையும், சுந்தரவனத்தில் அதன் விளைவுகளும். மாத்லாக் கரையில் ஊர் கட்டினால், ஒருநாள் புயலின் நடுவே உப்புத்தண்ணீர் மொத்தமாக உருண்டு வந்து, குடியிருப்பு முழுவதும் ஐந்து முதல் பதினைந்து அடி ஆழத்தில் மூழ்கும் என்று எழுதினார். எந்த ஆண்டு என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. வரும் என்பது மட்டும்தான் அவர் பக்கத்துக் கணக்கு.

டல்ஹௌசி மூடர் இல்லை. ரயிலையும் தந்தியையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்த காலம் அவருடையது. ஆனால் ஹூக்ளி தூர்ந்துபோகிறது என்ற பயத்தைக் கண்ணால் பார்க்கலாம், வருடாவருடம் அளக்கலாம். புயல் அலை என்பது ஓய்வுபெற்ற ஒரு கப்பல்காரர் பழைய ஏடுகளிலிருந்து காட்டும் பூச்சாண்டி. இப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஆற்றின் பெயரே எச்சரிக்கை மாதிரிதான். வங்காளத்தில் மாதால் என்றால் குடிகாரன். மாத்லா, போதையேறித் தள்ளாடும் ஆறு. உள்ளூர்க்காரன் அப்படிப் பெயர் வைத்திருக்கும் ஆற்றங்கரையில்தான் துறைமுகம் கட்டக் கிளம்பினார்கள்.

1858 ஏப்ரலில் பிடிங்டன் கல்கத்தாவில் இறந்துபோனார். துறைமுகம் எழும்பியது. ரயில் வந்தது. 1864 அக்டோபர் 5-ம் தேதி கல்கத்தாவையே ஒரு புயல் அடித்தது. ஹூக்ளி வழியாக ஏறிவந்த அலையில் கரையோரத்து கெஜூரி, ஹிஜ்லி துறைகள் அழிந்தன. அறுபதாயிரம் பேர்வரை இறந்ததாகச் சொல்வார்கள். அப்போதும் மாத்லாத் துறைமுக வேலை நிற்கவில்லை. அடுத்த ஆண்டே புதுக் கம்பெனி ஒன்று பங்கு திரட்டியது. 1867 நவம்பர் 1. அலை வந்தது. ஆறடி உயரம்தான். அவர் சொன்ன எல்லையின் கீழ்ப்பக்கம். படகுத்துறைகள், கிடங்குகள், ஸ்டேஷன் எல்லாம் சேதம். சில ஆண்டுகளில் துறைமுகத்தைக் கைவிட்டார்கள். அமிதாவ் கோஷ் சுந்தரவனத்தை வைத்து எழுதிய நாவலில் இந்தக் கதை வருகிறது. படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

நமக்கு இதைப் படிக்கும்போது தனுஷ்கோடி நினைவுக்கு வராமல் இருக்குமா? கடலின் விளிம்பில் ரயிலைக் கொண்டுபோய் முடித்து, துறையும் கட்டி, 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து போன வண்டியை ஆட்களோடு கடலுக்குக் கொடுத்தோம். கல்கத்தாப் புயலுக்குச் சரியாக நூறு வருடம் கழித்து.

அரியலூரில் நடந்தவர்

1864 அழிவுக்கு ஒரு நல்ல வாரிசு உண்டு. அந்தப் புயலை ஆராய்ந்து அறிக்கை எழுதிய இருவரில் ஒருவர் ஹென்றி பிளான்ஃபோர்ட், பிரசிடென்சி கல்லூரி ஆசிரியர். அடிப்படையில் நிலவியல்காரர். வானத்தைப் பார்க்க ஆரம்பிக்குமுன் அவர் பார்த்தது நம் மண்ணை. தென்னார்க்காடு, திருச்சிப் பகுதிகளில் நடந்து திரிந்து, அங்குள்ள பழங்கடல் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று வகுத்து 1862-ல் எழுதியவர் அவர். இன்றும் நிலவியல் மாணவர்கள் அந்தப் பெயர்களைத்தான் படிக்கிறார்கள். பல கோடி ஆண்டுக்கு முன் கடல் ஏறி நின்ற ஊர் அரியலூர் என்று அறிந்த ஒருவர், பிறகு வங்காளத்தில் கடல் ஏறியதைக் கணக்கெடுக்கப் போனார். அந்தப் பாறைகளில் இருக்கும் சுண்ணாம்புக் கல்லைத்தான் இப்போது சிமென்டுக்காகச் சுட்டு, அதிலிருந்த கரியமில வாயுவை மறுபடி வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பிளான்ஃபோர்ட் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ.

பிடிங்டனுக்குக் கிடைக்காத ஒன்று பிளான்ஃபோர்டுக்குக் கிடைத்தது: தந்திக் கம்பி. புயல் போனபின் கணக்கு முடித்தது போய், வருமுன் சொல்ல வழி பிறந்தது. 1865-ல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது பிளான்ஃபோர்ட் அதன் தலைவர், தலைமையகம் கல்கத்தா. இமயத்தில் பனி அதிகம் விழுந்த ஆண்டுகளில் பருவமழை தவறுகிறதோ என்று 1884-ல் அவர் எழுதிய கட்டுரை, நீண்டகால மழைக் கணிப்பின் முதல் படி.

'கடலூர், நாகை துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது' என்று செய்தியில் கேட்டுக் கேட்டு நாம் வளர்ந்திருக்கிறோமே, அந்தக் கூண்டுகளின் வம்சாவளி அந்த 1865-க்குத்தான் போகிறது. தலைமையகம் பிற்பாடு சிம்லா, புனே, டெல்லி என்று மாறிவிட்டது. நமக்கு நுங்கம்பாக்கம் வானிலை மையம் எப்படியோ அப்படி வங்காளிக்கு அலிப்பூர். மழை என்றால் டிவியில் 'அலிப்பூர் என்ன சொல்கிறது' என்பார்கள், நாம் நுங்கம்பாக்கம் ரமணன் என்ன சொன்னார் என்று விடுமுறைக்காகக் காத்திருந்த மாதிரி.

எச்சரிக்கை பலித்தது என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1970-ல் இதே விரிகுடாவின் தலைமாட்டில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், போலா புயல் குறைந்தது மூன்று லட்சம் பேரைக் கொண்டுபோனது. 2020 மே 20-ல் அம்ஃபன் கொரோனா முடக்கத்துக்கு நடுவே பக்காலி அருகே மணிக்கு 155 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கரையேறியபோது, லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே நகர்த்தியிருந்தார்கள். மேற்கு வங்கத்தில் இறந்தவர்கள் நூறு பேர் அளவில். உயிரைக் காப்பாற்றும் பாதியில் கல்கத்தா ஜெயித்துவிட்டது. வீட்டையும் வயலையும் காப்பாற்றும் பாதி அப்படியே நிற்கிறது.

லோக்கல் வண்டியின் ஜன்னலோரம்

ஜாதவ்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். அதன் கடலியல் பள்ளியில் பேராசிரியர் சுகதா ஹஸ்ராவும் சகாக்களும் பல ஆண்டுகளாகச் செய்தது பிடிங்டன் வேலையின் இன்றைய வடிவம்தான். கப்பல் ஏடுகளுக்குப் பதில் செயற்கைக்கோள் படங்கள். ஒரு தீவின் கரையை அன்றும் இன்றும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. லோஹாசரா என்ற, ஆட்கள் வாழ்ந்த தீவு போய்விட்டதை அவர்கள் பதிவு செய்தது 2006-ல் உலகச் செய்தியானது. கோராமாரா தீவு பாதிக்கும் மேல் கரைந்து, ஆட்கள் பக்கத்துச் சாகர் தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 2010-ல் இன்னொரு செய்தி. 1970 புயலுக்குப் பின் கடலில் எழுந்த ஒரு மணல்திட்டுக்கு இந்தியாவும் வங்கதேசமும் உரிமை கொண்டாடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஹஸ்ரா படத்தைப் பார்த்துவிட்டு, அது இப்போது தண்ணீருக்கடியில் என்று சொல்லிவிட்டார். வழக்கைக் கடல் முடித்துவைத்தது.

இதை நேராகப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம், தலைப்பும் நன்றாக அமையும். கள நிலவரம் அவ்வளவு நேர்கோடு இல்லை. கடல் மட்டம் உலகச் சராசரியில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் ஏறுகிறது. டெல்டா நிலம் தன் எடையிலேயே அமுங்குகிறது. மேலே பராக்கா அணை 1975-லிருந்து ஆற்றின் போக்கை மாற்றியிருக்கிறது. கப்பல் வழியை ஆழமாக வைக்கச் செய்த வேலைகளைக் கோராமாராக்காரர்கள் குற்றம் சொல்கிறார்கள். ஆறு ஒரு கரையைத் தின்று எதிர்க்கரையில் துப்புவது ஆதிகாலப் பழக்கம். லோஹாசரா இருந்த இடத்திலேயே சில ஆண்டில் சேறு தலைகாட்டியது என்றும் செய்தி வந்தது. இத்தனையும் சேர்ந்ததுதான் அங்கே நடப்பது. ஆனால் விரிகுடாவின் மேற்பரப்பு 30 டிகிரிக்கு மேல் காய்ந்து கிடக்கும் மே மாதங்களில், அம்ஃபன் போன்ற புயல் ஓரிரு நாளில் அசுர வேகம் எடுத்துவிடுகிறது. புயலுக்குத் தீனி வெந்நீர்தான்.

ஆபத்து காற்றில் இல்லை, தண்ணீரில் என்று பிடிங்டன் சொன்னதற்கு நல்ல சாட்சி யாஸ் புயல். 2021 மே 26. புயல் கரையேறியது ஒடிசாவில், பாலாசோர் பக்கம். சுந்தரவனத்தில் காற்றுப் பெரிதாக இல்லை. ஆனால் அன்று பௌர்ணமி, கோட்டால். மண் கரைகளின் மேலாகக் கடல் வழிந்து கோராமாரா முழுவதும் மூழ்கியது. சாகர் தீவில் கபில முனி கோயிலுக்குள் தண்ணீர் வந்தது.

அந்த மண் கரைக்கு வங்காளத்தில் பாந்த் என்று பெயர். இந்தியப் பக்கத்துச் சுந்தரவனத்தில் சுமார் 3,500 கிலோமீட்டர் பாந்த் இருக்கிறது, பெரும்பாலும் சேற்றை அள்ளிப் பூசியது. அதற்குள்தான் 45 லட்சம் பேர் குடியிருப்பு, ஏற்றத்தின்போது ஆற்று மட்டத்துக்குக் கீழே. 2009 மே 25-ல் அய்லா புயல் வந்தபோது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாந்த் உடைந்தது. உள்ளே வந்த நோனா ஜல், அதாவது உப்புத்தண்ணீர், இறங்கிப் போனபின்னும் உப்பு போகவில்லை. குளத்து மீன் செத்தது. சில ஆண்டுகள் நெல் பிடிக்கவில்லை. அப்போதுதான் ஆண்கள் கூட்டமாக ரயிலேறினார்கள், கேரளத்துக்கும் நம் சென்னைக்கும், திருப்பூருக்கும். பெண்கள் கேனிங் லோக்கலில் ஏறினார்கள். ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், 2023 ஜூன் 2-ல் பாஹனாகாவில் கவிழ்ந்தபோது, பொதுப்பெட்டிகளில் இறந்தவர்களில் சுந்தரவனத்துக்காரர்கள் கணிசம். நம் ஊரில் சாரத்தின்மேல் நின்று பூசிக்கொண்டிருக்கும் வங்காளிப் பையனைக் கேட்டுப் பாருங்கள். பாசந்தி, கோசாபா, பாதர்பிரதிமா என்று ஏதாவது ஒரு பெயர் வரும்.

கேனிங்கில் இறங்கினால் மீன் வாசனையும் ஷேர் ஆட்டோக் கூச்சலும். பிரபுவின் பெயரில் ஒரு பழைய மாளிகை, காரை உதிர்ந்து செங்கல் தெரிய நிற்கிறது. துறைமுகம் வேண்டும் என்று தேடி வந்த ஆழமான மாத்லாவை இப்போது பாலத்தின் மேல் நின்று பார்த்தால் சேறுதான் அதிகம். கப்பல் வேண்டாம், வற்றம் இறங்கிய நேரத்தில் படகே தட்டும். எந்த ஆறு தூர்கிறது என்று பயந்தார்களோ அந்த ஹூக்ளியில் இன்னும் கப்பல் வந்துகொண்டுதான் இருக்கிறது.

லேக் மார்க்கெட் மாமி வீட்டில் வேலை செய்யும், 'மாஷி' என்று கூப்பிடப்படும் பெண்ணுக்குக் கோசாபாப் பக்கம் வீடு. இருபது வருடத்தில் தமிழ் பேசாவிட்டாலும் 'மாமி' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறார். நான் போயிருந்த அன்று சமையலறைப் பரணிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே நெகிழிக் கவருக்குள் கவர் போட்டு ஆதார், ரேஷன் கார்டு, நிலப் பட்டா, மகனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்.

"அய்லாவுல எல்லாம் நனைஞ்சு கூழாப் போச்சு. அதுலேர்ந்து இங்கதான் வெச்சுக்கறா" என்றார் மாமி. பிறகு உள்ளே பார்த்து வங்காளத்தில் கேட்டார்: "ஏன் மாஷி, இப்ப எதுக்கு எடுத்தே?"

மாஷி மூடியை இறுக்கித் திருகினார். "மகன் சென்னைக்குப் போறான் மாமி. ஆதார் மட்டும் கேட்டான். மத்ததெல்லாம் இங்கயே இருக்கட்டும்."

டப்பா மறுபடி பரணுக்குப் போனது, கோதுமை டின்னுக்குப் பின்னால்.